வீட்டுக் கொதிகலனும் அதன் பிணிகளும்

வெப்பநாட்டில் வாழ்பவர்க்கு வீட்டைச் சூடாக்கவும் ஒரு பொறி வேண்டுமோ என்று தோன்றுதல் இயல்பே. ஆனால் பிரித்தானியாவின் மாரிக்காலத்தில் அப்பொறி ஓரிரவு நின்றுவிடின், கைக்குழந்தைகளும் முதியோரும் படும் துன்பம் பெரிது. இலங்கைத் தமிழர் பலர் இன்று அந்நாட்டில் குடியேறி வாழ்கின்றனர். உயர்கல்வியின் பொருட்டுச் சென்று வாடகை அறைகளில் தங்கும் மாணவரும் உளர். அவ்வீடுகளில் பெரும்பாலும் சமையலறைச் சுவரிலே வெண்ணிறப் பெட்டியொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதுவே வீட்டுக் கொதிகலன்.

கொதிகலன் என்பது பெயரேயன்றி, அதனுள் நீர் கொதிப்பதில்லை. எரிவாயுச் சுவாலை நீரைச் சுமார் 60 முதல் 80 பாகை செல்சியசு வரை சூடாக்குகிறது. பம்பியொன்று அந்நீரைக் குழாய்வழியே அறைதோறும் உள்ள ரேடியேற்றர்களுக்குச் செலுத்துகிறது. அங்கே சூட்டைக் கொடுத்துக் குளிர்ந்த நீர் மீண்டும் கொதிகலனையே வந்தடைகிறது. எனவே இப்பொறியுள் இரண்டு பாதைகள் உண்டு: ஒன்று நீர்ப்பாதை, மற்றையது தீப்பாதை. பழுது நேர்ந்துழி, அஃது எப்பாதையைச் சார்ந்தது என அறிதலே முதற்கடமை. நீர்ப்பாதையின் சிறு குறைகளை வீட்டுக்காரரே நீக்கிக்கொள்ளலாம். தீப்பாதையிற் கைவைத்தலோ உயிருக்கே உலைவைப்பதாகும்.

பொறி நின்றவுடன் அதனைப் பழுதென்று முடிவு செய்தல் கூடாது. மின்சாரம் வருகிறதா, நேரக்கட்டுப்பாட்டுக் கருவி சரியாக உள்ளதா, வெப்பநிலைச் சீராக்கி தாழ்த்தி வைக்கப்பட்டுள்ளதா, முற்பணம் செலுத்தும் மீற்றராயின் அதிற் பணம் எஞ்சியுள்ளதா என்பவற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது அமுக்கமானி. நீர் குளிர்ந்திருக்கும்போது அதன் முள் 1 முதல் 1.5 பார் வரை காட்டுதல் நன்று. அமுக்கம் மிகத் தாழ்ந்தால் கொதிகலன் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அப்போது, அதனுடன் வந்த கைந்நூலிற் கூறியவாறு, நீர் நிரப்பும் குழாயின் வால்வை மெல்லத் திறந்து, முள் உரிய இடத்தை அடைந்ததும் மறவாது மூடிவிடல் வேண்டும். ஆனால் வாரந்தோறும் நீர் நிரப்ப நேரின், எங்கோ ஒழுக்கு உண்டு என்பது பொருள். புதிதாகப் புகும் நீரோடு ஒட்சிசனும் புகுந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலால் ஒழுக்கைத் தேடி அடைத்தலே தக்க வழி. சூடேறும்போது முள் 3 பார் வரை பாய்ந்து, குளிர்ந்தபின் அடியோடு விழுந்துவிடுமாயின், நீரின் விரிவைத் தாங்கும் கலம் தன் காற்றை இழந்திருத்தல் கூடும். அது தொழில்வல்லார் செய்யவேண்டிய வேலை.

ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தும் குறையை அறியலாம். மேற்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாயும் இருப்பின் உள்ளே காற்று தங்கியுள்ளது. பொறியை நிறுத்தி, நீர் ஆறியபின், மேல்மூலையிலுள்ள சிறு திருகைச் சாவியால் மெல்லத் தளர்த்தினால் காற்று சீறி வெளியேறும். நீர் கசியத் தொடங்கியதும் திருகை இறுக்கிவிடலாம். பின்னர் அமுக்கமானியை மறுபடியும் பார்த்தல் வேண்டும். மாறாக, கீழ்ப்பகுதி குளிர்ந்திருப்பின் துருவால் உண்டான கருஞ்சேறு அடியிற் படிந்துள்ளது என்று கொள்ளலாம். கேத்தலில் நீர் கொதிப்பது போன்ற இரைச்சல் கொதிகலனிலிருந்து எழுமாயின், வெப்பமாற்றியில் சுண்ணப்படிவு ஏறியிருத்தல் கூடும். சுண்ணப் பாறையினூடே ஊறிவரும் நீரைப் பருகும் இலண்டன் முதலிய தென்கிழக்குப் பகுதிகளில் இக்குறை மிகுதி.

கடுங்குளிருக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. 2005ஆம் ஆண்டு ஏப்பிரில் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும், சில விலக்குகள் நீங்கலாக, புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கொதிகலன்கள் ஒடுக்கற் கொதிகலன்களாக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இவை புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து, அதன் மறைவெப்பத்தைப் பயன்கொள்வன. அவ்வாறு உண்டாகும் நீர் ஒரு பிளாத்திக்குக் குழாய்வழியே வெளியேறும். அக்குழாய் வீட்டின் புறச்சுவரிற் சென்றால், உறைபனியில் அடைபட்டுப் பொறியை நிறுத்திவிடும். 2010 டிசெம்பரின் கடுங்குளிரிற் பல வீடுகளில் இதுவே நிகழ்ந்தது. எட்டக்கூடிய இடத்திலே குழாய் இருப்பின், கொதிநீரன்றி வெதுநீரை அதன்மேல் ஊற்றிப் பனியை உருக்கி, பொறியை மீண்டும் இயக்கலாம்.

இனித் தீப்பாதை. எரிவாயு முற்றாக எரியாதபோது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்துடன் இணைந்து, உடலை மூச்சின்றித் தவிக்கச் செய்யும். நீலமாக எரியவேண்டிய சுவாலை மஞ்சளாகச் சோம்பி எரிதல், பொறியைச் சுற்றிக் கரி படிதல், பழைய கொதிகலன்களில் வழிகாட்டிச் சுவாலை அடிக்கடி அணைதல் ஆகியவை எச்சரிக்கைகள். வீட்டார் அனைவர்க்கும் ஒருங்கே தலைவலியும் மயக்கமும் குமட்டலும் உண்டாகி, வெளியே சென்றதும் தணியுமாயின், அதனைச் சளிக்காய்ச்சல் என்று தள்ளிவிடுதல் பேராபத்து. உடனே பொறியை நிறுத்தி, கதவு யன்னல்களைத் திறந்து, வெளியேறி, 0800 111 999 என்னும் எரிவாயு அவசர இலக்கத்தை அழைத்தல் வேண்டும். மருத்துவரையும் நாடல் வேண்டும். ஓசையெழுப்பும் காபனோரொட்சைட்டு உணர்கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நன்று.

கொதிகலனின் எரிவாயுப் பகுதியைத் திருத்த வருபவர், 2009 முதல் நடைமுறையிலுள்ள 'காஸ் சேவ்' பதிவேட்டில் இடம்பெற்றவராக இருத்தல் வேண்டும். அவருடைய அட்டையைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவன்று. வாடகை வீடாயின், வீட்டுச் சொந்தக்காரர் தமக்குரிய எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கொருமுறை பரிசோதிப்பித்து, அதன் பதிவை வாடகைக்கிருப்போர்க்குக் கொடுத்தல் 1998ஆம் ஆண்டின் விதிகளின்படி கட்டாயமாகும். புதிதாகச் சென்ற மாணவர் பலர் இவ்வுரிமையை அறியார். அறிந்தாலும் கேட்கக் கூசுவர். கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பெற்றோர், கம்பளி ஆடையைப் பற்றி விசாரிப்பதோடு இப்பரிசோதனைப் பதிவைப் பற்றியும் ஒரு வரி விசாரிப்பாராயின், அது காலத்தாற் செய்த பேருதவியாகும்.