உலையோடு அணைந்த அறிவு

"பழைய கணிப்பொறியே குப்பைக்குப் போய்விட்டது, அதன் கையேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள், அறிவெல்லாம் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே குடியிருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் சில கனவான்கள். கேட்கட்டும். காகிதத்தைக் கண்டால் கிலோ என்ன விலை என்று மட்டுமே கணக்குப் பார்ப்போர் அப்படித்தான் கேட்பார்கள். உழைத்துப் பிழைக்கும் தோழர்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கருவி நம் கையிலே இருக்கிறது. அதன் உட்பொருளை அறிந்த அறிவு யார் கையிலே இருக்கிறது?

விடை தேட வெகுதூரம் போகவேண்டாம். சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்திலே இருக்கிற பரங்கிப்பேட்டைக்குப் போனால் போதும்.

போர்த்துக்கீசியர் வந்த ஊர். அவருக்குப் பின்னே பல நாட்டு வணிகர் கடைவிரித்த துறைமுகம். 1781ஆம் ஆண்டு ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதிய களம். இவ்வளவும் சரித்திரப் புத்தகத்தில் உண்டு. பலருக்குத் தெரியாத சேதி ஒன்றும் உண்டு. 1830ஆம் ஆண்டு ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அந்த ஊரிலே இரும்பாலை தொடங்கினார். சேலத்துச் சீமையிலிருந்து இரும்புத் தாது வந்தது. காட்டு மரங்கள் கரியாகி வந்தன. உலை எரிந்தது, இரும்பு ஓடிற்று, பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று.

ஹீத் அதோடு நின்றாரா? இல்லை. எஃகு செய்வதில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்திலே காப்புரிமை பெற்றார். அந்த உரிமைக்காக வழக்குமன்றப் படி ஏறினார். ஆக, அவர் அறிந்தது எழுத்தாயிற்று, முத்திரை பெற்றது, இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

உலைவாயிலே நின்று, தீயின் நிறம் பார்த்துப் பக்குவம் சொன்ன நம் தொழிலாளி அறிந்தது என்னவாயிற்று? அந்த நூற்றாண்டு முடியுமுன்னே உலை அணைந்தது. உலையோடு அவன் பக்குவமும் அணைந்தது. அதை அவன் மொழியிலே எழுதிவைத்த கையேடு எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. முதலாளி அறிந்தது ஆவணமாயிற்று. தொழிலாளி அறிந்தது சாம்பலாயிற்று!

இரும்பிலே இழந்ததைக் கணிப்பொறியிலும் இழக்கலாமா?

1970களின் கடைசியிலும் 1980களிலும் மேல்நாட்டு வீடுகளிலே சிறு கணிப்பொறிகள் புகுந்தன. தொட்டவுடன் படம் காட்டும் இன்றைய கருவிகளைப் போன்றவை அல்ல அவை. 1982இல் பிரிட்டனிலே வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 40 விசைகள். ஒரு விசைக்கே ஐந்தாறு வேலைகள். தொலைக்காட்சிப் பெட்டியிலே இணைத்து மின்சாரம் கொடுத்தால், கம்பெனியின் பெயரும் ஆண்டும் சொல்லும் ஒரே ஒரு வரி தோன்றும். அவ்வளவுதான்! அதற்குமேல் அந்தப் பெட்டி பேசவேண்டுமானால் கையேட்டைத் திறக்கவேண்டும். ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதிய அந்தக் கையேடு, பேசிக் என்னும் கணிப்பொறி மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொடுத்தது.

அமெரிக்காவிலே ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு 1978இல் வந்த கையேடு, மின்சுற்று வரைபடத்தையும், பெட்டிக்குள்ளே பொதிந்திருந்த அடிப்படை ஆணைத்தொடர் வரிகளையும் அச்சிட்டே கொடுத்தது. கம்மடோர் 64க்கு 1982இல் வந்த வழிகாட்டி நூலின் பின்பக்கத்திலே சுற்று வரைபடம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இதோ பெட்டி, இதோ அதன் வயிறு, வேண்டுமானால் திறந்து பார்" என்று சொல்லி விற்றார்கள். விற்றவர்கள் தருமவான்கள் அல்ல, வியாபாரிகள்தான். ஆனாலும் கொடுத்தார்கள்.

இன்று? பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கைப்பேசி வாங்கினால், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. பெட்டியைப் பிரிக்கமுடியாதபடி பசை. பழுது என்றால், "புதிது வாங்கு" என்கிற உபதேசம்! மூலைக்கடையிலே பழுதுபார்த்துப் பிழைக்கும் தோழன் வரைபடத்துக்கு எங்கே போவான்? பழுதுபார்க்கும் உரிமை வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்து, இந்திய ஒன்றிய அரசும் 2022 ஜூலையிலே குழு ஒன்றை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரிலே அதற்கென இணையதளம் ஒன்றைத் திறந்தது. இணையதளம் திறந்தால் மட்டும் பசை இளகிவிடுமா? "வரைபடம் எங்கள் இரகசியம்" என்று கம்பெனி வாதாடும்போது, "அன்று வாங்கியவனுக்கெல்லாம் கொடுத்தார்களே, அதனால் எந்தத் தொழில் அழிந்தது?" என்று கேட்க ஆதாரம் வேண்டாமா? அந்த ஆதாரம்தான் பழைய கையேடு.

நம் நாட்டுக்கும் இதிலே பங்கு உண்டு. 1984-85இல் ஒன்றிய அரசு, சுமார் 250 பள்ளிகளிலே கணிப்பொறிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, மாணவர் முன் வைக்கப்பட்டது பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணிப்பொறி. பொதுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் உரிமம் பெற்று அதை இங்கேயே செய்தது. அந்நிறுவனத்தின் மொகாலி ஆலை 1989 பிப்ரவரியிலே தீக்கிரையானது. 1986இல் டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் ஸ்பெக்ட்ரம் வகைக் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிகளும் அவற்றின் கையேடுகளும் இன்று எந்தப் பள்ளி அலமாரியிலே, எந்த வீட்டுப் பரணிலே கிடக்கின்றனவோ!

தமிழுக்கும் இதிலே ஆபத்து உண்டு, தோழர்களே. 1990களிலே கணிப்பொறியில் தமிழ் அச்சடித்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். ஒன்றிலே 'அ' என்று நின்ற எண், இன்னொன்றிலே வேறெழுத்து. இந்தக் குழப்பம் தீரத்தான் 1999 பிப்ரவரியிலே, கலைஞர் ஆட்சியிலே, சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிற்று. விசைப்பலகைக்கும் எழுத்துருக்கும் பொதுத் தரம் வகுக்கப்பட்டது. அதற்கு முன்னே அடித்த கோப்புகள்? அந்த எழுத்துருவின் குறிப்பேடு இருந்தால் தமிழ், இல்லையென்றால் கிறுக்கல்! ஒரு கிளைக் கழகத்தின் தீர்மானமோ, ஒரு தொழிற்சங்கத்தின் கணக்கோ அப்படிப்பட்ட தட்டிலே அடைபட்டிருந்தால், அதை மீட்கும் சாவி அந்த நாலு பக்கக் குறிப்பேடுதான்.

முடிகிற காரியமா என்று மலைக்கவேண்டாம். 2015இல் அமெரிக்காவின் மேரிலாந்திலே, பழைய கையேடுகள் விற்ற கடை ஒன்று மூடப்படவிருந்தது. இணைய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட் அழைப்பு விடுத்தார். தொண்டர்கள் வந்தார்கள். பல்லாயிரம் கையேடுகள் பெட்டி பெட்டியாகக் காப்பாற்றப்பட்டன. நம் கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொரு மனிதராகச் சேர்த்த அச்சுச் செல்வமோ, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, இன்று சென்னையிலே ஆய்வு நூலகமாக நிற்கிறது. செட்டிநாட்டுத் தனிமனிதர் ஒருவரால் முடிந்தது, ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்த இயக்கத்தால் முடியாதா?

படிப்பகத் தோழர்கள் செய்யவேண்டியது இதுதான். பழைய காகிதக் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்: கணிப்பொறி, வானொலி, தொலைக்காட்சிக் கையேடு எது வந்தாலும் எடைக்கு எடை நாமே வாங்கிக்கொள்வோம் என்று. பரங்கிப்பேட்டை, கடலூர் போன்ற ஊர்களிலே, கடல் கடந்து பிழைக்கப் போனவர் வீட்டுப் பரணைக் கேட்டுப் பாருங்கள். கிடைத்ததைத் தரையிலே வைக்காதீர்கள். உப்புக்காற்றும் ஈரமும் காகிதத்தைத் தின்னும். துருப்பிடித்த கம்பியை எடுத்துவிட்டு நூலால் கட்டுங்கள். ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். அட்டை முதல் அட்டை வரை, வரிசை மாறாமல், ஓரத்திலே யாரோ பென்சிலால் எழுதிய குறிப்பு உட்படப் படமெடுத்து வையுங்கள்.

சட்டம் தடுக்குமோ என்று தயங்கவேண்டாம். வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் காகிதப் படியாக உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவிலே வைத்துக்கொள்ள 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே, பொது நூலகத்தோடு சேர்ந்து செய்யுங்கள்.

படிக்காதே என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஓலை சிலர் வீட்டுப் பெட்டியிலே பூட்டப்பட்ட காலத்தை எதிர்த்தோம். இன்று வரைபடம் கம்பெனிப் பெட்டியிலே பூட்டப்படுகிறது. இதற்கு மட்டும் வாய்மூடி இருப்போமா? இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணைத் திறந்து பாருங்கள், தோழர்களே!