பவளத்துக்கு எது வெளிச்சம்?

கடற்கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி கொளுத்தும் திருவண்ணாமலையில், ஒருவர் வீட்டுக் கூடத்தில் இரண்டடித் தொட்டி வைத்து உப்புநீர் நிரப்பிப் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் அவர் முதலில் கேட்பது, "எத்தனை வாட் லைட் போடணும்?" வாட் என்பது கரண்ட் பில்லுக்கான கணக்கு. பவளத்துக்கும் அதற்கும் தூரத்து உறவுதான்.

பவளம் செடியுமல்ல, கல்லுமல்ல. ஜெல்லிமீனுக்குச் சொந்தக்கார விலங்கு. விலங்குக்கு எதற்கு வெளிச்சம்? அதன் உடல் திசுவுக்குள், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கையில் அவை சமைக்கும் சர்க்கரையில் 90 சதவீதம் வரை வீட்டுக்காரரான பவளத்துக்குப் போய்விடுகிறது. இவ்வளவு வாடகை கேட்பவர் நம் ஊரிலும் இல்லை! ஆக, விளக்கு வாங்குவது இந்தக் குடித்தனக்காரர்களுக்காக.

பாசிக்குத் தோதான நிறம் நீலம். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம்வரை இறங்கும். கிடைத்ததை வைத்துப் பிழைக்கப் பழகிய பாசிகள், பச்சையத்தோடு பெரிடினின் என்ற நிறமியையும் வைத்துக்கொண்டு நீலத்தையும் நீலப்பச்சையையும் வாரிக்கொள்கின்றன. திருவண்ணாமலையின் மலை உச்சியில் கார்த்திகைக்கு ஏற்றும் மகா தீபம் பல கிலோமீட்டருக்கு நம் கண்ணில் படும். ஆனால் நெய்ச்சுடரில் சிவப்பும் மஞ்சளுமே அதிகம், நீலம் சொற்பம். பாசியைக் கேட்டால் அரையிருட்டு என்றுதான் சொல்லும்.

1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்து காட்டினார். நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ இருவருடனும் அவர் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் வீட்டு வெள்ளை எல்இடி பல்புக்குள் இருப்பதும் அந்த நீலம்தான். 450 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் நீலச் சில்லு, அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. மேல்மூடியைக் கழற்றி, அணைந்திருக்கும்போது பார்த்தால் மஞ்சள் பொட்டுகளாகத் தெரிவது அந்தப் பூச்சே. நீலத்தில் கொஞ்சம் பூச்சைத் தாண்டி வெளியே வரும், மீதியைப் பூச்சு மஞ்சளாக மாற்றிவிடும். இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. நம் வீட்டுக்கு அவசியமான அந்தப் பூச்சு பவளத்துக்கு அவ்வளவாகத் தேவையில்லை. பூச்சில்லாத நீலச் சில்லையே கடல்தொட்டி விளக்குகளில் 'ராயல் ப்ளூ' என்று விற்கிறார்கள்.

சிக்கல் நம் கண்ணில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதற்கு 555 நானோமீட்டர் பச்சைதான் மிகப் பிரகாசம். 450-இல் அதன் உணர்திறன் அதில் சுமார் 4 சதவீதம்தான். செல்போன் லக்ஸ் மீட்டரும் கண்ணைப் போலவே அளக்கப் பழக்கப்பட்டது. அதனால் நீல விளக்கின்கீழ் "மங்கலா இருக்கே" என்று நாம் நினைக்கும் நேரத்தில் பவளம் கருகிக்கொண்டிருக்கலாம். அளக்க வேண்டியது 'பார்' எனப்படும் கணக்கை: 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதை. உச்சிவெயில் ஏறத்தாழ 2,000. கிளைவிடும் அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்களுக்கு 250 முதல் 350 வரை வைப்பார்கள். மஷ்ரூம், லெதர் போன்ற மென்மையான வகையறாவுக்கு 50 முதல் 150 போதும்.

சட்டமும் இங்கே வந்து சேர்கிறது. கடினப் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். அலமாரியில் அழகுக்கு வைக்கும் செத்த பவளக் கட்டையும் அதில் சேர்த்தி. ஆகவே வீட்டுத் தொட்டிக்காரர் யோசிக்கக்கூடியது மஷ்ரூம், லெதர் போன்றவற்றைத்தான். அதுவும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதோடு. கடினப் பவளத்துக்கென்று செய்த விலையுயர்ந்த விளக்கு அவருக்கு வேண்டாத செலவு.

மஷ்ரூம் பவளத்தை நெருங்கிப் பாருங்கள். நாணய அளவுத் தட்டு, மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள், நடுவில் வாய். வெளிச்சம் குறைந்தால் தட்டு அகலமாக விரிந்து மேல்நோக்கி எக்கும். மிஞ்சினால் ஓரம் சுருங்கி, நிறம் வெளிறும். எந்த மீட்டரும் இல்லாதவருக்கு இதுவே மீட்டர். புது விளக்கை 30 சதவீதத்தில் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல ஏற்றுவது நல்லது.

திருவண்ணாமலைக்காரருக்கு என் முதல் கவலை வெயில்தான். நீர் சூடேறினால் பாசியின் ஒளிச்சேர்க்கை எந்திரம் பழுதாகிறது. உள்ளே வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாக, பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் நடந்தது இதுதான். சூடும் ஒளியும் கூட்டாகச் செய்யும் வேலை என்பதால், ஒன்றைக் குறைத்தாலும் பலன் உண்டு. 1998-இல் பசிபிக்கின் சொசைட்டி தீவுகளில் பவளங்கள் பெரும்பாலும் தப்பியதற்கு, அப்போது வானத்தை மூடியிருந்த மேகமே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். சித்திரை, வைகாசியில் விளக்கின் அளவைக் கால்பங்கு இறக்குவது நாமே செய்துகொள்ளும் மேகம். நீர்மட்டத்தின் குறுக்கே சின்ன ஃபேன் ஓடினால், நம் வறண்ட காற்றில் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல.

டைமர் வைத்து எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும். இரவெல்லாம் 'மூன்லைட்' நீலம் எரியவிடுவது வியாபாரிகளின் யோசனை. பவளத்துக்குக் கண் இல்லை, ஆனால் நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் புரதங்கள் உண்டு என்று 2007-இல் தெரியவந்தது. பௌர்ணமியும் அமாவாசையும் அவற்றின் மரபணு இயக்கத்தில் வேறுபாடாகத் தெரிகின்றன. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பல இனங்கள் சேர்ந்தாற்போல் முட்டையிடுவது இந்த உணர்வையும் நம்பித்தான். தினம் தினம் பௌர்ணமி என்றால் நாள் எண்ணுவது எப்படி?

கரண்ட் போனால் விளக்கைப் பற்றிப் பதற வேண்டாம். மப்பும் மழையுமாக நாலு நாள் இருண்டாலும் பவளம் தாங்கும். நீரோட்டம் நின்றால்தான் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும். இன்வெர்ட்டரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் மிச்சம் என்றால், அதில் பம்பைச் செருகுங்கள்.