பலீலா ஏன் மலையிறங்குவதில்லை?

மஞ்சள் தலை, சாம்பல் முதுகு, தடித்த கருத்த அலகு. ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த பலீலா, உலகிலேயே ஹவாய்த் தீவின் மௌனா கியா எரிமலைச் சரிவில், சுமார் 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் மட்டுமே வாழ்கிறது. ஏன் அங்கே மட்டும்?

முதல் காரணம் சாப்பாடு. அங்கே 'மாமனே' என்றொரு மரம் உண்டு. உறவுமுறை அல்ல, ஹவாய் மொழிப் பெயர். அவரைக் குடும்பத்து மரம். பலீலா அதன் பச்சைக் காயைப் பறித்து, காலால் கிளையோடு அழுத்திப் பிடித்து, அலகால் கிழித்து விதையைத் தின்னும். மற்ற சிறு பறவைகளைக் கொல்லக்கூடிய நஞ்சு அந்த விதையில் இருக்கிறது. பலீலாவுக்கோ அது அன்றாடச் சோறு. உயரத்துக்கு ஏற்ப மரங்கள் முன்பின்னாகக் காய்ப்பதால், காயைத் தேடி மேலும் கீழும் போய்வரும்.

இரண்டாவது காரணம் கொசு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஹவாயில் கொசுவே கிடையாது. கப்பலேறி வந்த கொசு, பின்னாளில் பறவை மலேரியாவைப் பரப்பியது. குளிரில் மலேரியா ஒட்டுண்ணி வளராது. அதனால் உயரமே அரண்.

அந்த அரணும் சுருங்குகிறது. மேய்ச்சலுக்காகக் கீழ்க்காட்டை அழித்தார்கள். காட்டில் திரிந்த செம்மறி ஆடுகள் மாமனேக் கன்றுகளைத் தின்றன, பட்டையை உரித்தன. 1978-இல் பலீலாவின் பெயரிலேயே வழக்குப் போட்டார்கள். ஆடுகளை அகற்றச் சொல்லி அடுத்த ஆண்டே தீர்ப்பு வந்தது. ஆனாலும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2000களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த பறவை, 2021-இல் ஆயிரத்துக்கும் கீழே போனது.

இப்போது வேலி கட்டி மாமனே நடுகிறார்கள். கன்று மரமாகிக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பறவைக்குப் பசி இன்றைக்கே.