மர வண்டு நடந்த கதை

பலகைத் துண்டுகள் நடக்குமா? நடக்கும் என்று அடித்துச் சொல்லும் தைரியம் இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்குப் பிறகுதான் எங்களுக்கு வந்தது. பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் சேர்ந்து, மோட்டாரால் நடக்கும் மர வண்டு ஒன்றைச் செய்தோம். பெட்டியைத் திறந்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. மெல்லிய பலகைகள், பற்சக்கரங்கள், இரும்புக் கம்பிகள், கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டார், படம் போட்ட ஒரு தாள், அவ்வளவுதான்! துளைகளைக் கூட நாங்களே போட வேண்டும். "இதெல்லாம் பையன்கள் வேலை" என்று தோழி ஒருத்தியின் அண்ணன் சொன்னது வேறு உறுத்திக்கொண்டே இருந்தது.

இத்தகைய பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று ஜப்பான் நாட்டின் ஷிசுவோகா. யோஷியோ டாமியா என்பவர் 1946-ஆம் ஆண்டு அங்கே மரம் அறுத்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் மரத்தால் கப்பல், விமான மாதிரிகளைச் செய்யத் தலைப்பட்ட அந்நிறுவனம், 1953-இல் கட்டட மர வியாபாரத்தையே விட்டுவிட்டது. மறு ஆண்டு கெனிச்சி மபுச்சி என்பவர் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம், பொம்மைகளுக்கான சிறு மோட்டார்களைச் செய்தது. 1960-இல் டாமியாவும் பிளாஸ்டிக் மாதிரிகளில் இறங்கியது. ஆயினும் மோட்டார் பொம்மைகளில் மரப்பலகை இன்றும் இடம்பெறுகிறது. அதன் காரணம் எங்களுக்குப் பின்னால்தான் விளங்கிற்று.

இந்தச் சின்ன மோட்டாரை ஒன்றரை வோல்ட் பேட்டரியில் இணைத்தால், சுமை இல்லாதபோது நிமிடத்திற்குச் சுமார் 9000 முறை சுழலும். ஆனால் அதன் அச்சை இரு விரல்களால் பிடித்தாலே நின்றுவிடும்! வேகம் உண்டு, வலிமை இல்லை. அந்த வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்கித் தருபவை பற்சக்கரங்களே. 8 பற்கள் உள்ள சிறு சக்கரம் 40 பற்கள் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றினால், சிறியது ஐந்து சுற்று சுற்றும்போது பெரியது ஒரே சுற்றுத்தான் சுற்றும். இப்படி மூன்று கட்டங்கள் வைத்தால் 9000 சுற்று 72 ஆகிவிடும். வேகம் குறையக் குறையத் திருப்பும் வலிமை கூடும். உராய்வில் கொஞ்சம் வீணாவதும் உண்டு. கணக்கென்றாலே ஓடும் தோழி கூட இதை மட்டும் தானே தாளில் போட்டுப் பார்த்தாள்.

கடைசி அச்சின் இரு முனைகளிலும் உள்ள சிறு கைகளே வண்டின் கால்களை அசைப்பவை. சைக்கிள் பெடல்களைப் போல ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்க வேண்டும். கண்காட்சிக்கு முதல்நாள் மாலை சுவிட்சைப் போட்டோம். வண்டு நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே குதித்தது! இரு கைகளையும் ஒரே பக்கமாகப் பொருத்தியிருந்தோம். திருப்பி மாட்டிய பின்னும் ஓர் அச்சு இறுகியது. துளையைச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்தோம். பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் அழுதிருப்போம். மரமல்லவா! தீக்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளையில் செருகி இரவு முழுவதும் காயவிட்டோம். மறுநாள் காலை ஏழு மணிக்கே சிஸ்டர் அறையைத் திறந்துவிட்டார்கள். உப்புத்தாளால் தேய்த்து, சரியான இடத்தில் புதுத் துளை போட்டு, அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம்.

பெற்றோர் முன்னிலையில் எங்கள் வண்டு மேசையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நடந்தது. கீழே விழப்போன சமயத்தில் பாய்ந்து பிடித்தவர் அந்த அண்ணன்தான். கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது என்று சொல்லிவிட்டோம்.