ஊக்கியும் உழைப்பும்: மெதனோல் எரிபொருட் கலங்கள் குறித்து ஒரு நோக்கு

ஊக்கி என்பது தாக்கத்தின் வேகத்தைக் கூட்டித் தான் மாற்றமுறாது எஞ்சும் பொருள் எனப் பாடநூல்கள் வரையறுக்கும். மெதனோல் எரிபொருட் கலத்தில் இவ்வரையறை நடைமுறையின் சோதனைக்குள்ளாகிறது. அனோட்டில் மெதனோல் மூலக்கூறொன்று நீருடன் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டாக மாறுகையில் 6 இலத்திரன்கள் வெளிப்படுகின்றன. அவற்றின் ஓட்டமே மின்னோட்டம். ஆனால், இத்தாக்கத்தை ஊக்கும் பிளாற்றினத்தின் மேற்பரப்பில், இடைநிலையில் தோன்றும் காபனோரொட்சைட்டு பற்றிக்கொள்வதால் அது விரைவிற் செயலிழக்கின்றது.

இம்முரண்பாட்டைத் தணிக்கும் வழியை ருதேனியம் காட்டிற்று. நீரிலிருந்து ஐதரொட்சைல் கூட்டத்தை அது பிளாற்றினத்தினும் தாழ்ந்த மின்னழுத்தத்திற் பெற்று, அயலிலுள்ள காபனோரொட்சைட்டு ஒட்சியேறி அகலத் துணைபுரியும். இக்கூட்டுச் செயற்பாட்டை யப்பானிய ஆய்வாளரான வதனபே, மொத்தூ ஆகியோர் 1975இல் விளக்கினர்.

தாக்கம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், நுண்துணிக்கைகளாகப் பரப்பப்படின் குறைந்தளவு உலோகமே போதும். அத்துணிக்கைகளைத் தாங்குவதற்கு மின்கடத்தும் காபன் நனோக்குழாய்கள் ஏற்றவை. இவை 1991இல் சுமியோ இஜிமாவின் கட்டுரையாற் பரவலாக அறியப்பட்டன. எனினும் சோவியத் ஆய்வாளரான ராதுஷ்கேவிச், லுக்கியனோவிச் ஆகியோர் 1952இலேயே இத்தகைய குழாய்களின் படங்களை வெளியிட்டிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

குழாய்ச் சுவரோ இரசாயன ரீதியில் மந்தமானது. பற்றுவதற்கு இடமின்றித் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பருக்கும். நைத்திரிக்கமிலத்தாற் பதப்படுத்தின் சுவரிற் காபொட்சைல் கூட்டங்கள் தோன்றி உலோகத்தைப் பிணிக்கும். பதப்படுத்தல் மிகின் சுவர் சிதைந்து கடத்துதிறன் குன்றும். ஆதலின் நைதரசன் அணுக்களைக் குழாயிற் புகுத்தும் முறையும் கையாளப்படுகிறது.

இம்முயற்சிகளின் பிரதான நோக்கங்களுள் ஒன்று பிளாற்றினச் சிக்கனம். அவ்வுலோகம் அரிதென்பதனால் மட்டும் விலையுயர்ந்ததன்று; ஆழச் சுரங்கங்களிற் செலவாகும் மனித உழைப்பும் அதில் உறைந்துள்ளது. உலகிற் சுரங்கங்களிலிருந்து பெறப்படும் பிளாற்றினத்தின் பெரும்பகுதி தென்னாபிரிக்காவினது. அங்கு மரிக்கானாவில் 2012 ஆகஸ்ட் 16இல், கூலியுயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்த பிளாற்றினச் சுரங்கத் தொழிலாளர் 34 பேரைப் பொலிசார் சுட்டுக்கொன்றனர்.

எனவே, எரிபொருட் கலம் தரும் மின்சாரத்தின் தூய்மையைச் சுரங்கத்திலிருந்தே கணிக்கவேண்டும். பிளாற்றினச் சிக்கனம் தொழிலாளரின் சுமையைக் குறைக்குமா, அன்றி அவர்தம் வேலையைப் பறிக்குமா என்பதை ஆய்வுகூடம் தீர்மானிப்பதில்லை. சுரங்கம் எவருடைமை, அதன் பயன் எவரைச் சேர்கிறது என்பனவே அதனைத் தீர்மானிக்கும்.