உங்களுக்குத் தெரியுமா? விழுந்த பல்லுக்குப் பால்
பொட்டிபுரம் கிராமத்தில் விளையாடும் பிள்ளைக்கு நிரந்தர முன்பல் வேரோடு தெறித்துவிட்டால், பல் மருத்துவரைப் பார்க்கப் போடிக்கோ தேனிக்கோ பஸ் ஏறுமுன் அந்தப் பல்லைத் தேடி எடுங்கள். வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு உலர்ந்தால் சுமார் 1 மணி நேரத்தில் செத்துவிடும். அது போனால் பல் நிலைப்பது கடினம். மண்ணாக இருக்கிறதே என்று வேரைத் தேய்க்காதீர்கள். பல்லின் தலைப்பகுதியைப் பிடித்து, தண்ணீரில் லேசாக அலசி உடனே அது இருந்த குழியில் பொருத்துவதே உத்தமம். பயமாக இருந்தால் ஆறிய பாலில் போடுங்கள். சவ்வு சில மணி நேரம் தாங்கும். தண்ணீரில் ஊறவைத்தால் ஆகாதா? ஆகாது, செல்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும்.

“எப்படியும் விழுகிற பல்தானே” என்பது பால்பல்லுக்கு மட்டுமே பொருந்தும். அதைத் திரும்பப் பொருத்தவே கூடாது. அடியில் வளரும் பல் கெடக்கூடும். ஆனால் 6, 7 வயதில் முளைக்கத் தொடங்கும் முன்பற்கள் நிரந்தரமானவை. அவற்றுக்குப் பதில் வேறு முளைக்காது.