உளியில்லாச் சிற்பி

மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மணலில் இறங்குகிறீர்கள். குழந்தை ஓடிப் போய்க் கிளிஞ்சல் ஒன்றைப் பொறுக்கி வருகிறது. "சீ, ஓட்டைக் கிளிஞ்சல்! தூக்கிப் போடு. கடையில் நல்லதாக வாங்கித் தருகிறேன்" என்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். போடுவதற்கு முன் அதைப் பூதக் கண்ணாடியில் பாருங்கள்.

ஓட்டைகளில் பல ஜாதி உண்டு. கடைந்தெடுத்தாற்போல வட்டமாக ஒரே துளை இருந்தால், மாமிசம் தின்னும் நத்தை கன்னம் வைத்த இடம் அது. சல்லடைக் கண்ணாகப் பொத்தல்கள் இருந்தால் கடற்பஞ்சின் வேலையாக இருக்கலாம். ஊசி முனையைவிடச் சிறிய புள்ளிகள், மயிரிழைக் கோடுகளால் கோத்தாற்போல வரிசையாகத் தெரிந்தால்? உங்கள் கையில் இருப்பது ஒரு பட்டணம்!

அந்தப் பட்டணத்துக் குடிகளுக்குப் 'பிரையோஸோவா' என்று பெயர். 'பாசிப் பிராணி' என்று பொருள். உலகில் சுமார் 6,000 வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கல்லிலும் கடற்பாசியிலும் மேலே ஒட்டி வாழ்பவை. சில மட்டும் ஓட்டைக் குடைந்து உள்ளே குடியேறுகின்றன.

ஒவ்வொரு பிராணியும் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான். அதற்குள் எத்தனை சாமான்கள்! வாயைச் சுற்றிக் கிரீடம் போல உணர்விழைகள். அவற்றில் உள்ள நுண்ணிய மயிர்கள் நீரைச் சுழற்றி உணவை வாய்க்குள் தள்ளும். உள்ளே 'யு' வடிவத்தில் ஒரு குடல்; வாய்க்கும் ஆசனத்துக்கும் நடுவே சிறு நரம்பு முடிச்சு. இருதயம் இல்லை, செவுள் இல்லை. ஆபத்து என்றால் கண் இமைக்கும் நேரத்தில் கிரீடம் உள்ளே போய்விடும். உடல் நலிந்தால் பழைய உறுப்புகள் கரைந்து ஒரு பழுப்பு உருண்டையாகும். அதே அறையில் புதிய குடலும் கிரீடமும் முளைக்கும்!

பல்லும் இல்லை, உளியும் இல்லை. பின் எப்படிக் குடைகிறது? கிளிஞ்சலின்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்துக் கொண்டு கரையும். கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஆனது அல்லவா? அதுபோலவே இதுவும் ரசாயனத்தால் ஓட்டைக் கரைத்துத் தன் உடம்பின் அளவுக்கு அறை செய்துகொள்கிறது. ஒரே ஒரு குஞ்சு வந்து ஒட்டிக் குடைந்து, கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பட்டணமாகப் பெருகுகிறது.

இவற்றுக்குக் குலம் கோத்திரம் பிரிப்பதுதான் விஞ்ஞானிகளுக்குத் தலைவலி. உடல் அழுகிப் போகும். மிஞ்சுவது துளை மட்டுமே. காலி வீட்டைப் பார்த்து, குடித்தனம் இருந்தவர் யாரென்று சொல்வது போன்ற காரியம்! 1866-ல் பிஷர் என்பவர் ஒரு வகைக்குப் பெயரிட்டார். 1946-ல் ஸ்வீடன் நாட்டு ஸிலேன் இன்னும் இரண்டைக் கண்டறிந்தார். இன்று உயிருடன் உள்ளவற்றை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். எல்லாமே, உடம்பில் சுண்ணாம்புக் கூடு இல்லாத 'சீப்பு வாய்' இனத்தில் அடக்கம். ஆனால் ஸிலேனின் 'பெனட்ரான்ஷியா'வுக்கு வாசலில் மூடி இருக்கிறது. மூடி என்பதோ வேறு இனத்தின் அடையாளம். ஆகவே அது எந்த வீட்டுப் பிள்ளை என்ற வழக்கு நெடுநாள் நடந்தது.

நம் பக்கத்துக் கடலிலும் பிரையோஸோவாக்களைத் தேடியவர்கள் உண்டு. 1902-ல் இலங்கை முத்துச் சலாபங்களை ஆராயப் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தார். அந்த ஆராய்ச்சி அறிக்கையில் பிரையோஸோவாக்களைப் பற்றி 1905-ல் எழுதியவர் லாரா தார்ன்லி என்ற பெண்மணி. முத்துச் சிப்பியைத் துளைக்கும் கடற்பஞ்சுக்கும் அதே அறிக்கையில் இடம் கிடைத்தது. சிப்பியை அரிப்பவை முத்தின் விலையோடு விளையாடுபவை அல்லவா?

ஆனால் இவற்றை வெறும் நாசகாரர்கள் என்று தள்ளிவிடாதீர்கள். செத்த ஓடுகள் கரைந்து, சுண்ணாம்பு மறுபடியும் கடலுக்கே திரும்ப இவையும் உதவுகின்றன. 45 கோடி ஆண்டுப் பழமையுள்ள அமெரிக்கப் பாறைகளில்கூட இத்தகைய துளைகள் இருக்கின்றன.

பல்லவர்கள் பாறையைக் குடைந்து மண்டபம் செய்தது 7-ஆம் நூற்றாண்டில். அதே ஊரின் மணலில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு குடைவரையைக் குழந்தை கண்டெடுத்திருக்கிறது. உள்ளே துறவி நண்டு இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அது குடியிருக்கும் வீடு. காலியாக இருந்தால் குழந்தையே வைத்துக் கொள்ளட்டும். கடையில் வாங்கும் பளபளப்புச் சிப்பியில் இத்தனை கதை கிடைக்காது!